பொது வைஃபையும் மின்னஞ்சலும்: வடசென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தண்டையார்பேட்டையில் மாலை நேரக் கணினி வகுப்பு நடத்திவரும் எனக்குப் பாடம் முடிந்த பிறகுதான் உண்மையான கேள்விகள் வருகின்றன. கல்லூரி மாணவர்களும், துறைமுகத்தைச் சார்ந்த சிறு அலுவலகங்களில் கணக்கு எழுதுபவர்களும், ஓய்வூதியம் தொடர்பான மெயில்களைப் பேரப்பிள்ளைகளின் உதவியோடு பார்க்கும் பெரியவர்களும் கேட்கிறார்கள். வாசலில் நின்று கேட்பவருக்கு அவசரத்தில் பாதிதான் சொல்ல முடிகிறது என்பதால், அடிக்கடி வரும் கேள்விகளுக்கு இங்கே முழுமையாக எழுதி வைக்கிறேன்.

சென்ட்ரல் ரயில் நிலையத்தின் இலவச வைஃபையில் மெயில் பார்த்தால், பக்கத்து இருக்கையில் இருப்பவர் அதைப் படிக்க முடியுமா?

ஜிமெயில் போன்ற சேவையை அதன் சொந்தச் செயலியிலோ புதுப்பிக்கப்பட்ட உலாவியிலோ பார்த்தால், கடிதத்தின் உள்ளடக்கத்தை அவரால் படிக்க முடியாது. பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு கேட்டிருந்தால் இந்தப் பதில் வேறாக இருந்திருக்கும். அந்தக் காலத்து அச்சம் இன்னும் பலருடைய மனத்தில் தங்கியிருப்பதால், சற்றுப் பின்னோக்கிச் சென்று விளக்குகிறேன்.

கடவுச்சொல் கேட்காத வைஃபையில், நம் கைபேசிக்கும் வைஃபை பெட்டிக்கும் இடையே போகும் தகவல் எல்லாம் ரேடியோ அலைகளாகத் திறந்த வெளியில் பரவுகிறது. அருகில் இருக்கும் எந்தக் கணினியும் அதைச் செவிமடுக்கலாம். 2010 அக்டோபரில் எரிக் பட்லர் என்னும் மென்பொருள் வல்லுநர் ஃபயர்ஷீப் என்ற சிறிய நிரலை வெளியிட்டார். அதைத் தம் ஃபயர்ஃபாக்ஸ் உலாவியில் சேர்த்துக்கொண்டவர், அதே திறந்த வைஃபையில் ஃபேஸ்புக் பார்த்துக்கொண்டிருந்த மற்றவரின் கணக்குக்குள் ஒரே சொடுக்கில் நுழைய முடிந்தது. திருட்டுக்கு வழி செய்வது அவருடைய நோக்கமன்று. கடவுச்சொல் இடும் பக்கத்தை மட்டும் மறையாக்கம் செய்துவிட்டு (அதாவது, வழியில் பிறர் படிக்க முடியாதபடி தகவலை மாற்றி அனுப்பிவிட்டு), அதற்குப் பிந்தைய பக்கங்களைத் திறந்தே விட்டிருந்த பெரிய தளங்களின் அலட்சியத்தைக் காட்டவே அதைச் செய்தார். ஜிமெயில் அதே ஆண்டு ஜனவரியிலேயே எல்லாப் பக்கங்களையும் ஹெச்டிடிபிஎஸ் என்னும் மறையாக்க முறைக்கு மாற்றியிருந்தது. பிற தளங்களும் அடுத்தடுத்து மாறின. 2018 ஜூலை முதல், இந்த முறையைப் பின்பற்றாத தளங்களைக் குரோம் உலாவி 'பாதுகாப்பற்றது' என்று குறிக்கத் தொடங்கியது.

எண்ணூர் விரைவுச் சாலையில் வரிசையாக நிற்கும் கன்டெய்னர் லாரிகளைப் பார்க்காதவர் நம் பகுதியில் இருக்க முடியாது. கன்டெய்னரின் கதவில் போட்டிருக்கும் சீல், வழியில் யாரும் அதைத் திறக்கவில்லை என்பதற்குச் சாட்சி. ஹெச்டிடிபிஎஸ் செய்வதும் அதுவே. லாரி எந்தத் திசையில் போகிறது, எவ்வளவு பாரம் ஏற்றியிருக்கிறது என்பதைச் சாலையில் நிற்பவர் பார்க்கலாம். அதுபோல, எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள், எவ்வளவு நேரம் இருந்தீர்கள் என்பதை வைஃபை நடத்துபவர் பெரும்பாலும் அறிய முடியும். பெட்டிக்குள் இருப்பதை அவரால் பார்க்க முடியாது.

ஒரு விதிவிலக்கை மறக்காமல் சொல்ல வேண்டும். நம் பகுதியின் சிறு நிறுவனங்கள் பலவற்றில், நிறுவனத்தின் பெயரிலேயே மின்னஞ்சல் முகவரி வாங்கி, பல ஆண்டுகளுக்கு முன் யாரோ அவுட்லுக்கில் அமைத்துக் கொடுத்ததை இன்றுவரை அப்படியே பயன்படுத்துகிறார்கள். அந்தக் கணக்கின் அமைப்புகளில் சர்வர் போர்ட் எண் 110 அல்லது 143 என்றும், மறையாக்கம் 'இல்லை' என்றும் இருந்தால், கடவுச்சொல்லே திறந்த வெளியில் போகிறது என்று பொருள். 995 அல்லது 993க்கு மாற்றித் தரும்படி மின்னஞ்சல் சேவை வழங்குபவரிடம் கேளுங்கள். சில நிமிடங்களில் முடியும் வேலை. அதுவரை அந்த மடிக்கணினியை வெளியிடத்து வைஃபையில் இணைக்காதீர்கள்.

அப்படியானால், உலாவியின் முகவரிப் பட்டையில் பூட்டுப் படம் தெரியும் தளத்தை நம்பலாமா?

நம்பக் கூடாது. இந்தப் பக்கத்தில் உள்ள எல்லாக் கேள்விகளிலும் மிக முக்கியமானது இதுவே என்று கருதுகிறேன்.

சீல் உடையாமல் வந்தது என்பதற்காக, கன்டெய்னருக்குள் நல்ல சரக்குதான் இருக்கிறது என்று சுங்கத்துறை எடுத்துக்கொள்வதில்லை. போதைப்பொருள் கடத்துபவரும் பெட்டிக்குச் சீல் வைத்துத்தான் அனுப்புகிறார். இணையத்திலும் அப்படியே. மறையாக்கச் சான்றிதழை இப்போது எவரும் இலவசமாகவே பெறலாம். வங்கியின் பக்கத்தைப் போலவே ஒரு போலிப் பக்கத்தை உருவாக்குபவரும் அதைப் பெற்றுத்தான் வைக்கிறார். உங்கள் கடவுச்சொல் மிகப் பாதுகாப்பாக, வழியில் யாரும் பார்க்க முடியாதபடி, நேராகத் திருடனிடம் போய்ச் சேருகிறது. பூட்டுப் படத்தை மக்கள் நம்பகத்தன்மையின் முத்திரையாகத் தவறாகப் புரிந்துகொள்வதால், குரோம் 2023 செப்டம்பரில் அந்தப் படத்தையே முகவரிப் பட்டையிலிருந்து எடுத்துவிட்டது.

பார்க்க வேண்டியது முகவரியை. அதைப் படிக்க ஒரு முறை உண்டு. முகவரியில் தனியாக வரும் முதல் சாய்கோட்டைக் கண்டுபிடியுங்கள். அதற்கு முன்னால் உள்ள பகுதியை வலமிருந்து இடமாகப் படியுங்கள். 'உங்கள்வங்கி டாட் காம் டாட் சரிபார்ப்பு டாட் நெட்' என்று இருந்தால், அது 'சரிபார்ப்பு டாட் நெட்' என்பவருக்குச் சொந்தமான தளம். இடப்பக்கத்தில் உங்கள் வங்கியின் பெயரை எழுதிக்கொள்ள அவருக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் ஆர், என் இரண்டையும் அடுத்தடுத்து எழுதினால் கைபேசித் திரையில் எம் போலத் தெரியும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

வங்கிகளைப் பொறுத்தவரை இப்போது ஒரு நல்ல மாற்றம் வந்துள்ளது. இந்திய வங்கிகள் தங்கள் தளங்களை 2025 அக்டோபர் 31ஆம் தேதிக்குள் 'டாட் பேங்க் டாட் இன்' என்று முடியும் முகவரிக்கு மாற்ற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. அந்த முடிவுள்ள முகவரியை வங்கிகள் மட்டுமே பதிவுசெய்ய முடியும். ஆகவே வங்கித் தள முகவரியின் வலக்கோடியில் இந்த முடிவு இருக்கிறதா என்று பார்ப்பது, எந்தப் பூட்டுப் படத்தைவிடவும் பயனுள்ள சோதனை.

ஒரே பெயரில் இரண்டு வைஃபை தெரிகின்றன. எது உண்மையானது?

பெயரை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. வைஃபைக்குப் பெயர் வைப்பது, கடைக்குப் பலகை எழுதுவது போன்றது. யார் வேண்டுமானாலும் எந்தப் பெயரையும் வைக்கலாம். ஒருவர் தம் கைபேசியின் ஹாட்ஸ்பாட்டுக்கு ரயில் நிலையத்தின் வைஃபை பெயரையே வைத்துவிட்டு நடைமேடையில் அமர்ந்துகொண்டால், முன்பு அந்தப் பெயரில் இணைந்திருந்த கைபேசிகள் கேட்காமலே அவருடைய வலையில் போய் விழக்கூடும். அதனால் பொது வைஃபையைப் பயன்படுத்தி முடித்ததும், அமைப்புகளுக்குப் போய் அந்தப் பெயரை 'மறந்துவிடு' என்று கொடுங்கள். தானாக இணையும் வசதியையும் அணைத்துவிடுங்கள்.

ரயில் நிலையங்களில் ரயில்டெல் நிறுவனம் வழங்கும் ரயில்வயர் வைஃபை உங்கள் கைபேசி எண்ணைக் கேட்டு, அதற்கு வரும் ஓடிபியை இட்டவுடன் முதல் அரைமணி நேரம் இலவசமாக இணைப்புத் தருகிறது. 2016 ஜனவரியில் மும்பை சென்ட்ரலில் கூகுளோடு சேர்ந்து தொடங்கப்பட்ட திட்டம் இது. 2020இல் கூகுள் விலகிக்கொண்ட பிறகும் ரயில்டெல் தொடர்ந்து நடத்துகிறது. இதில் கவனிக்க வேண்டியது, அது கேட்பது எண்ணையும் ஓடிபியையும் மட்டுமே என்பது. வைஃபையில் நுழைவதற்காக உங்கள் மின்னஞ்சலின் கடவுச்சொல்லையோ, ஏடிஎம் அட்டையின் எண்ணையோ, யுபிஐ பின்னையோ கேட்கும் பக்கம் எதுவாக இருந்தாலும், உடனே இணைப்பைத் துண்டியுங்கள்.

இணைந்த பிறகு, வழக்கமாகத் திறக்கும் ஒரு தளத்தைத் திறக்கும்போது 'உங்கள் இணைப்பு தனிப்பட்டதல்ல' என்ற எச்சரிக்கை முழுத் திரையில் வந்தால், அங்கேயே நின்றுவிடுங்கள். கைபேசியில் தேதி தவறாக இருந்தாலும் இப்படி வரும் என்பது உண்மையே; ஆனால் நடுவில் ஒருவர் புகுந்து சீலை உடைக்கப் பார்க்கிறார் என்பதற்கும் இதுவே அடையாளம். 'மேம்பட்டவை' என்பதை அழுத்தி எச்சரிக்கையைத் தாண்டிப் போகும் பழக்கம் என் மாணவர்களில் பலரிடம் இருக்கிறது. அதை விட்டுவிடும்படி மன்றாடிக் கேட்கிறேன்.

காபிக் கடையில் வைஃபைக்குப் பாஸ்வேர்டு இருக்கிறதே, அது பாதுகாப்பானதுதானே?

சுவரில் எழுதி ஒட்டியிருக்கும் கடவுச்சொல் எல்லோருக்கும் தெரிந்த சாவி. பழைய டபிள்யூபிஏ2 முறையில், அந்தச் சாவியை அறிந்தவர் அதே வலையில் மற்றவர் இணையும் தருணத்தைப் பதிவு செய்து, அவருடைய போக்குவரத்தைப் பிரித்தெடுக்க முடியும். 2018இல் வந்த டபிள்யூபிஏ3 இந்தக் குறையைச் சரிசெய்கிறது. ஆனால் கடைக்காரர் எதை வைத்திருக்கிறார் என்று நமக்குத் தெரியாது. திறந்த வைஃபை என்றே கருதி நடந்துகொள்ளுங்கள்.

விபிஎன் போட்டுக்கொண்டால் போதுமா?

விபிஎன் என்பது உங்கள் இணையப் போக்குவரத்தை மறையாக்கம் செய்து வேறொரு சர்வர் வழியாக அனுப்பும் சேவை. உங்கள் அலுவலகம் தந்த விபிஎன் என்றால் போட்டுக்கொள்ளுங்கள். மற்றபடி, அது என்ன செய்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். வைஃபை நடத்துபவர் பார்க்கக்கூடியதை எல்லாம் மறைத்து, விபிஎன் நடத்துபவர் பார்க்கக்கூடியதாக அது மாற்றித் தருகிறது. அதாவது நம்பிக்கை இடம் மாறுகிறது. யார் நடத்துகிறார் என்றே தெரியாத ஒரு இலவச விபிஎன் செயலியை நம்புவதைவிட, ரயில் நிலைய வைஃபையை நம்புவதே மேல் என்பது என் கருத்து. இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட ஆணையின்படி, இந்தியாவில் விபிஎன் சேவை தருபவர்கள் வாடிக்கையாளர் விவரங்களை ஐந்து ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். ஆகவே அதைப் போட்டுக்கொண்டால் யாருக்கும் தெரியாது என்ற எண்ணமும் சரியன்று. போலிப் பக்கத்தில் நீங்களே கடவுச்சொல்லை எழுதினால் எந்த விபிஎன்னும் காப்பாற்றாது.

பொது வைஃபையில் வங்கிக் கணக்கைத் திறக்கலாமா?

வங்கியின் சொந்தச் செயலியில் திறந்தால் ஆபத்து குறைவு. ஆயினும் அந்த ஐந்து நிமிடத்துக்கு வைஃபையை அணைத்துவிட்டுக் கைபேசியின் டேட்டாவைப் பயன்படுத்தும்படி சொல்வேன். அதற்குச் செலவாகும் டேட்டா மிகச் சொற்பம்.

நெட் சென்டரிலும் ஜெராக்ஸ் கடையிலும் மெயில் திறக்கிறோம். அது எப்படி?

பொது வைஃபையைப் பற்றிக் கேட்பவர்கள் பத்துப் பேர் என்றால், இதைப் பற்றிக் கேட்பவர் ஒருவர்தான். ஆனால் வண்ணாரப்பேட்டையிலும் வியாசர்பாடியிலும் நான் அதிகம் கவலைப்படுவது இதைக் குறித்தே. வைஃபையில் உங்கள் கைபேசி உங்கள் கையில் இருக்கிறது. நெட் சென்டரில் கருவியே மற்றவருடையது. அதில் நீங்கள் தட்டும் ஒவ்வொரு எழுத்தையும் பதிவுசெய்யும் மென்பொருள் இருந்தால், கடைக்காரருக்கே அது தெரியாமல் இருக்கலாம்.

டிஎன்பிஎஸ்சி விண்ணப்பத்துக்கோ, கல்லூரிச் சேர்க்கைக்கோ, வருங்கால வைப்புநிதிப் பணம் எடுக்கவோ வருபவர், கடைக்காரரிடமே மின்னஞ்சல் முகவரியைத் தொடங்கித் தரச் சொல்வதும், கடவுச்சொல்லை அவரே வைத்து அவருடைய நோட்டில் எழுதிக்கொள்வதும் நம் பகுதியில் அன்றாடம் நடப்பவை. கடைக்காரர் நல்லவராகவே இருக்கலாம். அந்த நோட்டு யார் கண்ணில் படும் என்பதற்கு அவராலும் பொறுப்பேற்க முடியாது. அப்படித் தொடங்கிய கணக்கு உங்களிடம் இருந்தால், இன்றே உங்கள் கைபேசியிலிருந்து கடவுச்சொல்லை மாற்றுங்கள். மீட்புக்குரிய கைபேசி எண் யாருடையது என்றும் பாருங்கள். கடைக்காரரின் எண் அங்கே இருப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

அடுத்தது பிரிண்ட் எடுப்பது. கடையின் சுவரில் ஒட்டியிருக்கும் மின்னஞ்சல் முகவரிக்கு ஆதார், பான், மதிப்பெண் பட்டியல், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம் ஆகியவற்றை அனுப்பிவிட்டு, தாளை வாங்கிக்கொண்டு போய்விடுகிறோம். கோப்புகள் அந்த அஞ்சல்பெட்டியிலேயே கிடக்கின்றன. ஆண்டுக்கணக்கில் நூற்றுக்கணக்கானவர்களின் ஆவணங்கள் சேர்ந்திருக்கும் அந்தப் பெட்டியின் கடவுச்சொல் கடையில் வேலை செய்து போன எல்லோருக்கும் தெரிந்திருக்கும். ஆதார் நகல் கேட்கும் பெரும்பாலான இடங்களுக்கு, கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதார் போதுமானது. ஆதாரை வழங்கும் யுஐடிஏஐ அமைப்பின் தளத்திலேயே அதைப் பதிவிறக்கலாம். அங்கிருந்து எடுக்கும் இ-ஆதார் கோப்புக்குக் கடவுச்சொல் இருக்கிறதே என்று நிம்மதி அடைய வேண்டாம்: பெயரின் முதல் நான்கு எழுத்துகளும் பிறந்த ஆண்டும் சேர்ந்ததே அது என்பது எல்லோருக்கும் தெரிந்த செய்தி. அனுப்பியே ஆக வேண்டும் என்றால், பிரிண்ட் வந்ததும் கடைக்காரரின் திரையில், வந்த கடிதத்தையும் பதிவிறக்கிய கோப்பையும் நீக்கச் சொல்லி, நின்று பார்த்துவிட்டு வாருங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை. என் வீட்டுக்கு அருகில் உள்ள கடைக்காரர், நான் கேட்கத் தொடங்கிய பிறகு எல்லோருக்கும் அப்படியே செய்கிறார்.

நெட் சென்டரில் மெயில் திறந்துவிட்டு வெளியேறாமல் வந்துவிட்டால், கைபேசியில் கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பகுதிக்குப் போய், 'உங்கள் சாதனங்கள்' என்ற பட்டியலில் அந்தக் கணினியைத் தேர்ந்தெடுத்து வெளியேற்றலாம். வாட்ஸ்அப் வெப் பயன்படுத்தியிருந்தால் 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' பட்டியலிலும் இதையே செய்யுங்கள்.

அனுப்புநர் பெயர் சரியாகத்தான் இருக்கிறது. அந்த மெயிலை நம்பலாமா?

ராஜாஜி சாலைப் பெரிய தபால் நிலையத்தில் ஒரு உறையைப் போடுகிறீர்கள். பின்புறம் 'அனுப்புநர்: மாவட்ட ஆட்சியர்' என்று எழுதினால் அதைத் தடுப்பவர் யாருமில்லை. கடிதம் போய்ச் சேரும். மின்னஞ்சலைக் கொண்டுசெல்லும் எஸ்எம்டிபி என்னும் விதிமுறை 1982இல், ஒருவரையொருவர் அறிந்த சில ஆய்வுக்கூடங்களுக்காக எழுதப்பட்டது. அனுப்புநர் சொல்லும் பெயரைச் சரிபார்க்கும் வழி அதில் இல்லை. பிற்காலத்தில் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்று மூன்று சோதனைகள் சேர்க்கப்பட்டன. உறையின் மேல் விழும் தபால் முத்திரையைப் போல, கடிதம் உண்மையில் எந்த நிறுவனத்தின் சர்வரிலிருந்து கிளம்பியது என்பதை அவை காட்டுகின்றன. மொத்தமாக ஏராளமான மெயில்களை அனுப்புபவர்கள் இவற்றைக் கட்டாயம் வைத்திருக்க வேண்டும் என்ற விதியைக் கூகுளும் யாஹூவும் 2024 பிப்ரவரி முதல் நடைமுறைப்படுத்தின.

இவ்வளவு இருந்தும் ஓட்டை மூடப்படவில்லை. தாம் புதிதாக வாங்கிய முகவரிக்கு மோசடிக்காரரே மூன்று சோதனைகளையும் முறையாக அமைத்துக்கொண்டு, பெயர் என்ற இடத்தில் மட்டும் 'வருமான வரித் துறை' என்று எழுதலாம். கைபேசித் திரை அந்தப் பெயரை மட்டுமே காட்டுகிறது. ஆகவே பெயரைத் தொட்டு முழு முகவரியையும் திறந்து பாருங்கள். ஆட் குறிக்குப் பின்னால் வருவதை, முன்பு சொன்னதுபோல வலமிருந்து இடமாகப் படியுங்கள். வருமான வரித் துறை ரீஃபண்டு தருவதற்காக ஜிமெயில் முகவரியிலிருந்து எழுதாது.

பாரிமுனையில் கிளியரிங் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். 'வங்கிக் கணக்கு மாறிவிட்டது' என்று சப்ளையரிடமிருந்து மெயில் வந்திருக்கிறது. என்ன செய்வது?

பணம் அனுப்பாதீர்கள். முதலில் தொலைபேசியில் பேசுங்கள். அந்தக் கடிதத்தில் உள்ள எண்ணில் அல்ல, உங்களிடம் முன்பிருந்தே இருக்கும் எண்ணில்.

இதைச் சற்று விரிவாகச் சொல்லக் காரணம், என்னிடம் படித்த இளைஞர் ஒருவர் கணக்கு எழுதிய அலுவலகத்தில் இது நடந்ததுதான். வெளிநாட்டுச் சப்ளையரோடு பல வாரங்களாக நடந்துகொண்டிருந்த கடிதத் தொடரிலேயே, அதே நடையில், அதே கையொப்பத்தோடு, 'எங்கள் கணக்கில் தணிக்கை நடக்கிறது, இந்த முறை மட்டும் கீழ்க்கண்ட கணக்குக்கு அனுப்புங்கள்' என்று ஒரு பதில் வந்தது. முகவரியிலும் பிழையில்லை. சப்ளையரின் அஞ்சல்பெட்டிக்குள்ளேயே மோசடிக்காரர் புகுந்திருந்தார். இங்கிருந்து 'சரியா?' என்று கேட்டு அனுப்பிய கடிதம் சப்ளையரின் கண்ணில் படாமல் வேறொரு கோப்புறைக்குப் போகும்படி ஒரு விதியையும் அவர் அமைத்து வைத்திருந்தார். 'சரிதான்' என்ற பதிலும் அவரே எழுதியது. சரக்கு வந்து இறங்கி, பேமென்ட் தாமதமானால் டெமரேஜ் (சரக்கைக் குறித்த காலத்தில் எடுக்காததற்கான தாமதக் கட்டணம்) ஏறும் என்ற பதற்றத்தில் முதலாளி கையெழுத்திட்டார். பணம் திரும்பவில்லை. அந்த இளைஞர் செய்த தவறு எதுவுமில்லை என்று நான் எவ்வளவு சொல்லியும், அவருடைய மனம் இன்றுவரை ஆறவில்லை.

டெமரேஜ் கணக்கு நாள்தோறும் ஏறும் தொழிலில் அவசரம் இயல்பானது; மோசடிக்காரர் அந்த அவசரத்தின் மேல்தான் சவாரி செய்கிறார். ஆகவே தொகை எவ்வளவு சிறியதாக இருந்தாலும், வங்கிக் கணக்கு மாற்றம் என்றால் இருவர் சரிபார்த்த பிறகே, அதுவும் பேசி உறுதிசெய்த பிறகே என்று அலுவலகத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள். உங்கள் பக்கத்து அஞ்சல்பெட்டியிலும், நீங்கள் அமைக்காத வடிகட்டிகளோ (வரும் கடிதங்களைத் தானாகப் பிரித்து ஒதுக்கும் விதிகள்), கடிதங்களை வேறு முகவரிக்குத் தானாக அனுப்பும் முன்னனுப்பலோ இருக்கிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள்.

கப்பலில் வேலை தருவதாக மெயில் வந்தது. 'பிராசசிங் ஃபீஸ்' கேட்கிறார்கள். உண்மையா?

இல்லை. மாலுமிகளை வேலைக்குச் சேர்க்கும் நிறுவனம், கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்ககம் வழங்கும் ஆர்பிஎஸ்எல் என்ற உரிமத்தை வைத்திருக்க வேண்டும். உரிமம் பெற்றவர்களின் பட்டியல் இயக்ககத்தின் தளத்திலேயே உள்ளது. வேலை வாங்கித் தருவதற்காக மாலுமியிடம் அந்த நிறுவனம் கட்டணம் வாங்கவே கூடாது என்பது சட்டம். ராயபுரத்திலும் காசிமேட்டிலும் கடல் வேலையைக் கனவாக வைத்திருக்கும் பிள்ளைகள் நிறைய இருக்கிறார்கள். நகையை அடகு வைத்துக் கட்டணம் கட்டுவதற்கு முன், அந்தப் பட்டியலை ஒருமுறை பார்த்துவிடும்படி பெற்றோரைக் கேட்டுக்கொள்கிறேன்.

இணைப்புக் கோப்பைத் திறக்கலாமா?

எதிர்பார்த்திருந்த கோப்பு என்றால் திறக்கலாம். எதிர்பாராமல் வந்த ஜிப், ஹெச்டிஎம்எல் கோப்புகளைத் திறக்க வேண்டாம். 'அரைவல் நோட்டீஸ்', 'பில் ஆஃப் லேடிங்' என்ற கப்பல் சரக்கு ஆவணங்களின் பெயர்களில் இவை துறைமுக அலுவலகங்களைக் குறிவைத்தே வருகின்றன. திறந்ததும் மின்னஞ்சல் கடவுச்சொல் கேட்கும் கோப்பு நிச்சயம் பொறி. ஏபிகே என்று முடிவது ஆண்ட்ராய்டுச் செயலி; திருமண அழைப்பிதழ் என்றோ போக்குவரத்து அபராதம் என்றோ வந்தாலும் அதைத் தொடவே கூடாது.

பாஸ்வேர்டை மாதம் ஒருமுறை மாற்ற வேண்டுமா?

தேவையில்லை. அடிக்கடி மாற்றச் சொன்னால் மக்கள் கடைசியில் ஒரு எண்ணை மட்டும் கூட்டி எழுதுகிறார்கள் என்பது கண்டறியப்பட்டதால், வல்லுநர்களே அந்த அறிவுரையைக் கைவிட்டுவிட்டார்கள். நீளமாக இருக்கட்டும்; தொடர்பில்லாத நான்கைந்து தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் எழுதிச் சேர்த்தாலே போதும். முக்கியமானது, மின்னஞ்சலுக்கு வைத்த கடவுச்சொல்லை வேறெங்கும் வைக்காதிருப்பது. 'கடவுச்சொல்லை மறந்துவிட்டேன்' என்று எந்தத் தளத்தில் அழுத்தினாலும், பெரும்பாலும் அதன் பதில் மின்னஞ்சலுக்கே வருகிறது. வீட்டின் எல்லாச் சாவிகளும் தொங்கும் ஆணி அது.

கடவுச்சொல்லோடு இன்னொரு சான்றையும் கேட்கும் இருபடிச் சரிபார்ப்பைக் கட்டாயம் இயக்குங்கள். குறுஞ்செய்தியில் வரும் ஓடிபியைவிட, கைபேசியின் விரல்ரேகையால் நுழையும் பாஸ்கீ முறை உறுதியானது. போலித் தளத்தில் அது வேலையே செய்யாது. பழைய சிம் கார்டைக் கைவிட்டவர்கள் மீட்பு எண்ணை உடனே மாற்ற வேண்டும். ரீசார்ஜ் செய்யாமல் துண்டிக்கப்பட்ட எண், 90 நாட்களுக்குப் பிறகு வேறொருவருக்குத் தரப்படலாம். உங்கள் ஓடிபி அவருக்குப் போகும்.

லிங்கை அழுத்திப் பாஸ்வேர்டையும் கொடுத்துவிட்டேன். இப்போது என்ன செய்வது?

பணம் போயிருந்தால், வேறு எதையும் செய்வதற்கு முன் 1930 என்ற எண்ணை அழையுங்கள். பணம் ஒரு கணக்கிலிருந்து அடுத்த கணக்குக்கு ஓடிக்கொண்டிருக்கும்போதே அதை முடக்க வங்கிகளை இணைத்து வைத்திருக்கும் ஏற்பாடு அது. ஒவ்வொரு நிமிடமும் கணக்கில் வரும். அடுத்து உங்கள் வங்கியிடம் சொல்லி, புகார் எண்ணைப் பெறுங்கள். 2017 ஜூலை 6ஆம் தேதிய ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கை, வாடிக்கையாளரின் தவறின்றி நடந்த மோசடியை மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் அவருக்கு இழப்பு இல்லை என்று வகுத்தது. கடவுச்சொல்லையோ ஓடிபியையோ தாமே கொடுத்துவிட்டிருந்தால், தெரிவிக்கும் வரை ஏற்பட்ட இழப்பு அவருடையது. தெரிவித்த பிறகு ஏற்படுவது வங்கியுடையது. வெட்கப்பட்டு வீட்டில் மறைத்து வைக்கும் ஒரு நாள் எவ்வளவு விலை உயர்ந்தது என்று இதிலிருந்தே தெரியும்.

மின்னஞ்சலை மீட்க, பாதிக்கப்படாத வேறொரு கருவியிலிருந்து கடவுச்சொல்லை மாற்றி, எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேற்றுங்கள். பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். திருடனும் அதைத்தான் எதிர்பார்க்கிறான். மீட்பு எண், மீட்பு முகவரி, வடிகட்டிகள், முன்னனுப்பல், கணக்கை அணுக அனுமதி பெற்ற பிற செயலிகள் ஆகிய ஐந்தையும் ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். ஜிமெயிலில் மீட்பு எண்ணைத் திருடன் மாற்றியிருந்தாலும், ஏழு நாட்கள் வரை பழைய எண்ணுக்கே சரிபார்ப்புக் குறியீட்டை அனுப்பக் கூகுள் வாய்ப்பளிக்கக்கூடும் என்பதால் மனம் தளராமல் முயலுங்கள்.

புகாரைச் 'சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன்' தளத்திலும் பதியலாம், அருகிலுள்ள காவல் நிலையத்திலும் கொடுக்கலாம். 'இது எங்கள் எல்லை இல்லை' என்று திருப்பி அனுப்பப்பட்டால், 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்னும் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆம் பிரிவு, எந்த எல்லையில் நடந்த குற்றத்துக்கும் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் பெற வழிசெய்கிறது என்பதைப் பணிவாக எடுத்துச் சொல்லுங்கள். அடுத்தவரின் கடவுச்சொல்லை மோசடியாகப் பயன்படுத்துவது, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவின்படி மூன்று ஆண்டுகள் வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் பெறும் குற்றம்.

புகார் கொடுக்கப் போகும் வரை, வந்த அந்த மோசடிக் கடிதத்தை அழிக்காமல் வைத்திருங்கள். கோபத்தில் பலர் அதை முதலில் நீக்கிவிடுகிறார்கள். அதன் தலைப்பகுதியில்தான் அது கடந்து வந்த சர்வர்களின் வழித்தடம் பதிவாகியிருக்கிறது. கணினியில் ஜிமெயிலைத் திறந்து 'அசலைக் காட்டு' என்பதை அழுத்தினால் முழுவதும் தெரியும். ஸ்கிரீன்ஷாட்டில் அது வராது என்பதால், அந்தப் பக்கத்திலேயே உள்ள பதிவிறக்கப் பொத்தானால் கோப்பாகச் சேமித்து, ஒரு பென்டிரைவில் எடுத்துக்கொண்டு போங்கள்.